வட்டும் உரிமமும்: நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பன்னாட்டு வளர்ச்சி (1997–2023)

முன்னுரை

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தோற்றம் குறித்து ஒரு கதை பரவலாக வழங்குகிறது. 'அப்போலோ 13' திரைப்படத்தின் ஒளிநாடாவைக் காலங்கடந்து திருப்பித் தந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 40 டாலர் தாமதக் கட்டணம் செலுத்த நேர்ந்ததாகவும், அந்த எரிச்சலில் நிறுவனம் பிறந்ததாகவும் அக்கதை கூறும். உடன் நிறுவனரான மார்க் ராண்டால்ஃப் 2019இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பு நூலில் இதனை வசதி கருதிச் சொல்லப்பட்ட கதையாகவே காண்கிறார். தொழில் நிறுவனங்களுக்கும் தலபுராணங்கள் உண்டு. தனிமனித ஊக்கத்தையும் தொழில்நுட்பத்தையும் முன்னிறுத்தும் அவை, இவ்வளர்ச்சியின் திசையைத் தீர்மானித்த பதிப்புரிமைச் சட்டத்தைக் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன. நெட்ஃபிளிக்ஸின் பன்னாட்டு விரிவாக்கத்தை அச்சட்டத்தின் வழியே விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

வட்டின் காலம்

நிறுவனம் 1997 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் தொடங்கப்பட்டது. 1998 ஏப்ரலில் அதன் வலைத்தளம் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 900 படங்களே வட்டாகக் கிடைத்தன. டிவிடி அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது; ஒளிநாடாவைப் போலன்றி, அஞ்சல் உறைக்குள் அடங்கும் அளவும் எடையும் அதற்கு இருந்தன. 1999இல் மாதச் சந்தா முறை வந்தது.

இவ்வணிகத்தின் அடித்தளமோ இவற்றினும் பழையது. விற்கப்பட்ட படியின் மறுவிற்பனையைப் பதிப்புரிமையாளர் கட்டுப்படுத்த இயலாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் ஒரு நூல் வழக்கில் தீர்ப்பளித்தது. 'முதல் விற்பனைக் கோட்பாடு' எனப்படும் இது 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. இசைப்பதிவுகளையும் கணினி மென்பொருளையும் வாடகைக்கு விடுவதற்குப் பின்னர் தடை வந்தது, திரைப்படங்களுக்கு வரவில்லை. ஆகவே, கடையில் கிடைக்கும் எந்த வட்டையும் வாங்கி வாடகைக்கு அனுப்ப எந்தப் பட நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

உரிமத்தின் காலம்

2007 ஜனவரியில் இணையவழிச் சேவை அறிமுகமானபோது சுமார் 1,000 தலைப்புகளே அதில் இருந்தன. வட்டுப் பட்டியலோ பல்லாயிரமாக விரிந்திருந்தது. இவ்வேறுபாட்டிற்கு அலைவரிசையின் வேகம் மட்டும் காரணமன்று. வட்டு வாங்கி வைத்துக்கொள்ளத்தக்க பொருள். இணையவழிக் காட்சிக்கோ ஒவ்வொரு படத்திற்கும் கால வரையறையுடன் உரிமம் பெற்றாக வேண்டும். உரிமம் முடிந்தால் படமும் மறையும். ஸ்டார்ஸ் நிறுவனத்துடன் 2008இல் செய்த ஒப்பந்தம் 2012 பிப்ரவரியில் முடிவுற்றபோது அதன் வழி வந்த படங்கள் பட்டியலிலிருந்து நீங்கின.

உரிமத்திற்கு நில எல்லையும் உண்டு. 2010இல் கனடா, 2011இல் இலத்தீன் அமெரிக்கா, 2012இல் பிரிட்டன் என விரிந்த சேவை, ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனியே உரிமம் தேட வேண்டியிருந்தது. 2013இல் 13 பகுதிகளும் ஒரே நாளில் வெளியான 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' இதற்குத் தக்க சான்று. நெட்ஃபிளிக்ஸின் அடையாளமாகவே கருதப்பட்ட அத்தொடரின் உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்தது. பிரான்சில் அதனை ஒளிபரப்பியது கனால் பிளஸ். 2014இல் நெட்ஃபிளிக்ஸ் பிரான்சில் நுழைந்தபோது அதன் புகழ்பெற்ற தொடர் போட்டியாளரிடம் இருந்தது!

எல்லா நாடுகளுக்குமான உரிமையையும் தானே கைக்கொள்ளும் படைப்புகளை நோக்கி நிறுவனம் நகர்ந்ததை இப்பின்னணியில்தான் புரிந்துகொள்ள இயலும். 2016 ஜனவரி 6 அன்று இந்தியா உள்ளிட்ட 130 நாடுகளில் சேவை ஒரே நாளில் திறக்கப்பட்டது; சீனா அப்பட்டியலில் இல்லை.

பிறமொழிப் படைப்புகளும் படைப்பாளர் பங்கும்

உலகெங்கும் ஒரே நேரத்தில் காட்டத்தக்க படைப்பு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பிரேசிலின் '3%', இந்தியாவின் 'சேக்ரட் கேம்ஸ்', தமிழில் 'பாவக் கதைகள்' (2020), 'நவரசா' (2021) ஆகியன இவ்வழி வந்தவை. ஹ்வாங் டாங்-ஹியுக் இயக்கிய கொரியத் தொடரான 'ஸ்குவிட் கேம்' (2021) முதல் 28 நாள்களில் 165 கோடி மணி நேரம் பார்க்கப்பட்டது. ஒப்பந்தத்தில் குறித்த தொகையே தமக்குக் கிடைத்ததாக ஹ்வாங் வெளிப்படையாகக் கூறினார். உலக உரிமை முழுவதும் தளத்திடம் இருக்கையில், பிற்கால விற்பனை, மறு ஒளிபரப்பு ஆகியவற்றால் வரும் வருவாய் படைப்பாளரை அடைவதில்லை. பன்மொழி வளர்ச்சியைப் பண்பாட்டுப் பரிமாற்றமாக மட்டும் போற்றும் எழுத்துகள் இப்பகுதியை எளிதாகக் கடந்துவிடுகின்றன.

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023இல் நடத்திய 148 நாள் வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளுள் ஒன்று, இணையவழிப் பார்வைக்கேற்ற பங்குத்தொகை. பார்வை அளவோடு இணைந்த கூடுதல் தொகையை அச்சங்கம் ஓரளவு பெற்றது. வேலைநிறுத்தம் செப்டம்பர் 27 அன்று முடிவுற்றது.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசி வட்டுகளை அஞ்சலில் சேர்த்தது. கால் நூற்றாண்டில் அனுப்பப்பட்டவை 520 கோடிக்கு மேல். வட்டாக வெளிவராத தொடர்களைப் பொறுத்தவரை, நூலகமோ ஆவணக்காப்பகமோ விலைகொடுத்து வாங்கி வைக்கத்தக்க படி சந்தையில் இல்லை. இறுதியாகச் சென்ற வட்டுகளைச் சந்தாதாரர்கள் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, தாமே வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்திருந்தது.