பனிச்சறுக்கு நாய்களும் கட்டவிழ்ப்பும்

பனிச்சறுக்கு நாய்கள் என்பவை பனி மூடிய நிலங்களில் சறுக்குவண்டிகளை இழுப்பதற்காகப் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட நாய்கள் ஆகும். சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமுட், கிரீன்லாந்து நாய் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஹஸ்கி இன்று தமிழ்நாட்டு வீடுகளிலும் வளர்க்கப்படுகிறது. இந்நாயைக் கட்டின்றி ஓட விடலாமா என்னும் வினாவுக்கு அதன் வரலாறே விடை தருகிறது.

ஓடுவதற்காக உருவான இனம்

ஹஸ்கியின் மூதாதைகள் வடகிழக்குச் சைபீரியாவில் சுக்சி மக்களிடம் இருந்தவை. 1909-இல் அலாஸ்காவின் நெடுந்தூரப் பந்தயத்தில் இவை கலந்துகொண்டன. 1925-இல் அங்குள்ள நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. 20 ஓட்டிகள் நாய்வண்டிகளில் மாறி மாறிச் சென்று ஏறத்தாழ 1,085 கி.மீ. கடந்து மருந்தைச் சேர்த்தனர். அப்பயணத்தின் மிகக் கடினமான பகுதியில் லியோனார்ட் செப்பாலாவின் வண்டிக்குத் தலைமை நாயாக இருந்தது டோகோ. அந்த டோகோவே, பணி முடிந்து திரும்பும் வழியில் கட்டிலிருந்து விடுபட்டுக் கலைமான்களைத் துரத்திச் சென்றுவிட்டது. பின்னர் அது தன் இருப்பிடம் வந்து சேர்ந்தது. மிகச் சிறந்த பயிற்சி பெற்ற நாய்க்கும் துரத்தும் உணர்ச்சி குறைவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கட்டி வைத்தலும் வெளியேற்றமும்

கிரீன்லாந்தில் வளர்ந்த சறுக்குவண்டி நாய்களைக் கட்டி வைப்பது சட்டப்படி கட்டாயம். குட்டிகள் மட்டுமே அவிழ்ந்து திரியலாம். குழந்தைகளின் பாதுகாப்பு இதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. அண்டார்டிகாவில் தடை இன்னும் கடுமையானது. 1911-இல் அமுண்ட்சென் தென்துருவத்தை அடைய உதவியவை நாய்களே. ஆயினும், டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் கடல்நாய்களுக்குப் பரவலாம் என்ற அச்சம் எழுந்தது. எனவே 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறைப்படி, 1994 ஏப்ரல் 1-க்குள் நாய்கள் அனைத்தும் அக்கண்டத்திலிருந்து அகற்றப்பட்டன.

தமிழகத்துக் காவல் நாய்

தருமபுரிக்கு அண்டைப் பகுதியான திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கும் போரில் இறந்த வீரனையும் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் இருந்த கோவிவன் என்னும் நாயையும் குறிப்பிடுகிறது. பட்டி காக்கும் நாய் கட்டின்றி இருந்தாலும் தன் மந்தையை விட்டு அகலாது. அதன் வேலையே அங்கிருப்பதுதான். சறுக்குவண்டி நாயின் வேலையோ முன்னோக்கி ஓடிக்கொண்டே இருப்பது. ஆகவே ஒன்றுக்குப் பொருந்தும் விடுதலை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

பென்னாகரம் பகுதியில் உள்ள ஆபத்துகள்

பென்னாகரம் வட்டத்தின் மேற்கே காவிரியும் ஒகேனக்கல் காடுகளும் உள்ளன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. யானை, சிறுத்தை, மான், நீர்நாய் ஆகியவை வாழும் இத்தகைய காட்டோரத்தில் நாயை அவிழ்த்துவிடுவதால் நான்கு வகை ஆபத்துகள் நேரலாம்.

1. நாய்க்கு: சிறுத்தை எளிதில் பிடிக்கும் இரைகளுள் நாயும் ஒன்று. அடர்ந்த இரட்டை ரோமம் கொண்ட ஹஸ்கி, கோடை வெயிலில் ஓடினால் வெப்பத் தாக்கத்தால் இறக்கவும் கூடும்.

2. மனிதருக்கு: யானையைக் கண்டு குரைத்த நாய், அது துரத்தும்போது தன் எசமானரிடமே ஓடி வரும், யானையும் பின்தொடரும்.

3. காட்டு விலங்குகளுக்கு: 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது டிஸ்டெம்பர் நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. இந்நோயையும் வெறிநோயையும் நாய்கள் பரப்ப வல்லவை.

4. உரிமையாளருக்கு: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், விலங்கைத் துரத்துவதையும் வேட்டை என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

இன்றைய நிலை

தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள வெப்பநிலைக்கு ஒவ்வாதவை என 11 இனங்களைப் பட்டியலிட்டது. ஹஸ்கியும் மாலமுட்டும் அவற்றுள் அடங்கும். ஏற்கெனவே இவ்வினங்களை வளர்ப்போர் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதும், விடியற்காலையில் உறுதியான நீண்ட கயிற்றுடன் நடத்திச் செல்வதும், சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடுவதும் நன்று.