கேன்டீனுக்கு முன்னும் பின்னும்

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சாண்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கியது 1998இல். அதற்கு முன் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிய எங்கள் ஊர்களுக்கு நெல்தான் பிழைப்பு. அப்பா விடியலில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்புவார். தொட்டுக்கொள்ளக் கருவாடு, இல்லையென்றால் மோர்மிளகாய். பழைய சாப்பாடு எல்லாமே நல்லது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதில் உப்பு ஏராளம். ஆனால் அவர் பொழுதெல்லாம் நடந்தார், குனிந்தார், வியர்த்தார்.

நான் உதிரிபாக ஆலைக்குப் போனேன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கச் சொல்ல, 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வழிசெய்தது. பசியோடு மெஷின் முன் நின்ற தலைமுறைக்கு அது பெரிய உரிமை. எங்களுக்குச் சாம்பார் சோறு, அப்பளம், ஊறுகாய். நைட் ஷிப்டில் போண்டா. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே ஏற்றிக்கொண்டது. நடை போயிற்று, உப்பு அப்படியே இருந்தது, எண்ணெய் கூடியது. சக தொழிலாளர்கள் பலருக்கு நாற்பதிலேயே பிரஷர் வந்ததைப் பார்த்து மனம் கசந்திருக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. எனக்கும் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. மாத்திரையை நிறுத்தாமல், ஏரிக்கரையில் தினமும் நடக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஊறுகாயும் அப்பளமும் இருக்கும் தட்டில் அது நடக்காது. கேன்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அந்தத் தொழிற்சாலைகள் சட்டம் இடம் தந்தது. போண்டாவுக்குப் பதில் சுண்டல் கேட்க வேண்டிய இடம் அதுதான்.