கல்படுக்கையும் கொசுக்கடியும்

சித்தன்னவாசலுக்குக் குடும்பத்தோடு போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று எனக்கு நாலு வருஷமாக ஆசை. தனியாக மூன்று தடவை போயிருக்கிறேன். அந்தத் தாமரைக் குளத்துச் சித்திரத்தை, இருக்கிற மிச்சம் மீதியும் மங்குவதற்குள், என் மகள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு தடங்கல். இந்தத் தடவை தடங்கலாக வந்தது கொசு.

சென்ற ஐப்பசியில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் காலையிலும் மாலையிலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பரீட்சை மார்க்கைக் கூட நான் அவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை. அவள் தேறி வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகை திரும்ப வராது. ஆனால் வேறு வகை வரலாம், வந்தால் இரண்டாவது தடவை முதலாவதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்றார். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. நான் சித்தன்னவாசல் என்று வாயெடுத்ததும் என் மனைவி சொன்னாள்: "முதல்ல கொசுவுக்கு ஒரு வழி சொல்லுங்க. அப்புறம் சித்திரம் பார்க்கலாம்."

வழி சொல்லுவதற்கு ஆளா இல்லை? என் மாமியார், "நொச்சித் தழை ஒரு கட்டு கொண்டு போய் மூட்டம் போட்டாப் போதும் மாப்பிள்ளை. எங்க ஊர்ல மாட்டுத் தொழுவத்துலகூட கொசு இருக்காது" என்றார். எதிர்வீட்டுக்காரர் கையில் கட்டிக்கொள்ளும் வாசனைப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மருந்துக் கடைக்காரரோ களிம்பு, தெளிப்பான், சட்டையில் ஒட்டும் வில்லை என்று பத்துத் தினுசை மேஜைமேல் பரப்பி, "எல்லாமே நல்லாப் போகுது ஸார்" என்றார். அவருக்கு நன்றாகப் போகிறது, சரி. கொசு போகிறதா என்பதல்லவா கேள்வி? நாவல் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிச் சங்கடம் வந்தால் புஸ்தகத்தைப் புரட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது. புரட்டினேன்.

மனிதன் கொசுவை விரட்டத் தொடங்கியது வியாதிக்குப் பயந்து அல்ல, தூக்கத்துக்காகத்தான். எகிப்து தேசத்துச் சதுப்பு நிலத்து ஜனங்கள் பகலில் மீன் பிடிக்கும் வலையையே ராத்திரியில் படுக்கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள் என்று கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் 2,400 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். நம்முடைய பழந்தமிழில் கொசுவுக்குக் கொதுகு என்று பெயர். நுளம்பு என்ற சொல்லை நாம் மறந்துவிட்டோம். இலங்கைத் தமிழர்கள் அதைத்தான் சொல்லுகிறார்கள். இத்தனை பெயர் வைத்திருந்தும், காய்ச்சலுக்கும் அதற்கும் உள்ள உறவு யாருக்கும் தெரியவில்லை. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய பாஷையில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர், 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, செகந்தராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து அதற்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் காற்றின் மேலிருந்த பழி நீங்கியது. அதற்கு முன்பு இந்த ராஸ் சென்னை ராஜதானியிலும் உத்தியோகம் பார்த்தவர். அறிவியலைவிடக் கவிதையிலும் நாவலிலும் அவருக்கு மோகம் அதிகம் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

விரட்டும் சரக்குகளில் முதலில் உலகத்தைச் சுற்றி வந்தது ஜப்பான் சரக்கு. ஊயெயாமா எயிச்சிரோ என்பவர் ஆரஞ்சுத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் மூலம் அவருக்குப் பைரீத்ரம் என்ற சாமந்தி இனத்துச் செடியின் விதை கிடைத்தது. அதன் பூவைப் பொடி செய்து 1890-ல் ஊதுவத்தியாக உருட்டினார். வத்தி 40 நிமிஷத்தில் எரிந்து தீர்ந்துவிடும். கொசுவோ விடிகிற வரையில் இருக்கும். இதற்கு யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூக்கி. வத்தியை நீட்டமாக உருட்டி, பாம்பு சுருண்டு படுத்திருப்பது போலச் சுற்றிவிட்டால் என்ன என்றார். 1895-ல் தோன்றிய யோசனை 1902-ல் கடைக்கு வந்தது. நம் வீடுகளில் கட்டிலுக்கு அடியில் சாம்பல் உதிர்த்துக் கொண்டிருக்கும் பச்சைச் சுருள் அந்த அம்மாளின் மூளையில் பிறந்ததுதான். சுருள் எரிகிற அறையில் கொசு மயங்கி விழுகிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைத்த அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிவிட்டது. சிகரெட்டை நிறுத்திப் பதினோரு வருஷமான நான், கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரியெல்லாம் சுருள் கொளுத்தியிருக்கிறேன் என்பதை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை.

சுருளுக்குப் பிறகு வந்தது டி.டி.டி. சுவிட்சர்லாந்துக்காரரான பால் முல்லர் 1939-ல் அதன் பூச்சிக்கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்தார். 1948-ல் நோபல் பரிசு பெற்றார். இந்திய சர்க்கார் 1953-ல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் 1958-ல் ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கியது. என் தகப்பனார் சிறு பிள்ளையாக இருந்தபோது காக்கி உடுத்த ஆட்கள் பம்ப்போடு வீட்டுக்குள் வந்து, சாமி படத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுவரெல்லாம் வெள்ளையாகத் தெளித்து, கதவு நிலையில் தேதி எழுதிவிட்டுப் போவார்களாம். எங்கள் பாட்டி அந்தத் தேதியைப் பல வருஷம் அழிக்க விடவில்லை. அவளுடைய இரண்டு குழந்தைகள் குளிர்காய்ச்சலில் போனவை. வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேரைப் படுக்க வைத்த மலேரியா 1965 வாக்கில் ஒரு லட்சம் பேராகக் குறைந்தது. அப்புறம் கொசு அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது, மனிதர்களும் அசட்டையாக இருந்தார்கள். 1976-ல் கணக்கு மறுபடியும் 64 லட்சத்தைத் தாண்டியது. டி.டி.டி. பறவைகளுக்கும் மீன்களுக்கும் செய்த தீங்கை ரேச்சல் கார்சன் என்ற அம்மையார் 1962-லேயே எழுதிவிட்டார். பாட்டியிடம் அந்தப் புஸ்தகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று சில சமயம் யோசிப்பேன். அவள் பக்கத்திலும் நியாயம் உண்டு.

இவையெல்லாம் கொல்லுகிற சாதி. நான் தேடியது விரட்டுகிற சாதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சித்தன்னவாசலை நினைத்தபோதுதான் சரியாக உறைத்தது.

அங்கே மலையின் கிழக்கு முகத்தில் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகைத்தளம் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். உள்ளே பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 கல்படுக்கைகள். தலைமாட்டில் சற்றே உயர்த்திய கல்லே தலையணை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தி வெட்டிய தமிழ் பிராமி எழுத்தும் அங்கே இருக்கிறது. சமண முனிவர்கள் பல நூற்றாண்டுகள் அங்கே படுத்து எழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் உயிரையும் கொல்லக்கூடாது என்பது விரதம், கொசுவும் உயிர்தான். மூட்டம் போடலாமா? நெருப்பு மூட்டுவதே ஆகாது. அடிக்கலாமா? கேட்கவே வேண்டாம். கையில் இருந்தது ஒரு மயிற்பீலி. உட்காரும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் அதனால் மெல்லத் துடைத்து, சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவார்கள். அதையும் மீறிக் கடித்தால்?

அதற்கும் சமணர்கள் விடை வைத்திருக்கிறார்கள். துறவி பொறுத்துக்கொள்ள வேண்டிய துன்பங்கள் 22 என்று உமாசுவாதி எழுதிய தத்துவார்த்த சூத்திரம் கணக்கிடுகிறது. பசி, தாகம், குளிர், வெப்பம். ஐந்தாவது ஈயும் கொசுவும் கடிப்பது! ஆறாவது உடையின்மை. வரிசை போட்டவருக்கு நல்ல அனுபவம் இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் பொறுத்தார்கள், தம்முடைய உடம்பை வைத்து. என் மகளின் உடம்பை வைத்து நான் பொறுமை காட்ட முடியாது. ஆகையால் மயிற்பீலியைப் போலக் கொல்லாமல் விலக்குவதும், மயிற்பீலியைவிடத் திறமையாக விலக்குவதுமான சரக்கு எது என்று பார்த்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் காடுகளில் சண்டையிட்ட சிப்பாய்களுக்காக அமெரிக்க விவசாய இலாகா ஆயிரக்கணக்கான ரஸாயனங்களைச் சோதித்தது. 1944-ல் சாமுவேல் கெர்ட்லர் என்பவர் தயாரித்தது டீட் என்கிற எண்ணெய். 1946 முதல் ராணுவமும் 1957 முதல் பொதுஜனங்களும் பூசிக்கொள்கிறார்கள். இது கொசுவைக் கொல்லுவதில்லை. நம் மூச்சையும் வியர்வையையும் மோப்பம் பிடித்து வரும் கொசுவின் மோப்பத்தைக் குழப்பிவிடுகிறது. நம் நாட்டிலும் குவாலியர் ராணுவ ஆராய்ச்சிச் சாலையில் இதற்கு உறவான டீப்பா என்ற சரக்கைக் கண்டுபிடித்தார்கள். நம் கடைகளில் வெகுகாலமாக விற்கும் களிம்பிலுள்ள டைஎத்தில் பென்சமைடும் இதே குடும்பம்தான். பிற்பாடு ஜெர்மனியிலிருந்து பிக்காரிடின் வந்தது. அதற்கு வாடையும் பிசுபிசுப்பும் குறைவு.

2002-ல் அமெரிக்காவில் சிலர் தங்கள் கைகளையே கொசுக்கூண்டுக்குள் நீட்டி இவற்றைப் பரீட்சித்தார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஏறக்குறைய 24 சதவிகித டீட் ஐந்து மணி நேரம் காத்தது. எலுமிச்சைப் புல் வாசனை எண்ணெய்கள் 20 நிமிஷத்துக்குமேல் நிற்கவில்லை. கைப்பட்டையோ ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இதை எதிர்வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. அவர் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறார்.

வேப்பெண்ணெயைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மாமியார் வருத்தப்படுவார். 1993-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் தேங்காயெண்ணெயில் 2 சதவிகிதம் வேப்பெண்ணெய் கலந்து பூசிப் பார்த்தார்கள். ராத்திரியில் கடிக்கும் மலேரியாக் கொசுவை அது கிட்டத்தட்ட முழுவதும் விலக்கியது. ஆனால் பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவிடம் அத்தனை பலிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ பகல் கொசுவுக்கு மருந்து. காலை வெயில் ஏறும்போதும் மாலை சாயும்போதும்தான் அதற்குப் பசி அதிகம். மலையேற நமக்குத் தோதான நேரமும் அவைதான். நொச்சி மூட்டமும் ராத்திரி வலையும் சுருளும் பகலில் மலைமேல் நடக்கிற குழந்தைக்கு என்ன செய்யும்?

முடிவாகப் பிக்காரிடின் தெளிப்பான் ஒன்று வாங்கினேன். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை. வெயில் களிம்பு போட்டால் அது முதலில், இது அதன்மேல். குழந்தை கண்ணைத் தேய்ப்பாள், ஆகையால் உள்ளங்கையில் வேண்டாம். முகத்துக்கு நம் கையில் எடுத்துத் தடவவேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். தங்கும் அறைக்குக் கொசுவலை. மாமியாரின் நொச்சிக் கட்டும் வண்டியில் ஏறியது. வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம்?

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே 16 கிலோமீட்டர். அறிவர் கோவிலுக்குக் காலையிலேயே போய்விட்டோம். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் புதுப்பித்த கோவில். முன் மண்டபத்து விதானத்தில் தாமரைக் குளம். பூவும் இலையும், எருமையும் யானையும், அன்னமும் மீனும், பூப்பறிக்கும் அடியார்களும். மகள் கழுத்து வலிக்கிற வரையில் பார்த்துவிட்டு, "இந்தக் குளத்துல கொசு இருக்காதுப்பா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அதான் மீன் இருக்கே. கொசுப்புழுவை மீன் தின்னுடும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க." 1928-ல் கம்பூசியா என்ற மீனை இத்தாலியிலிருந்து தருவித்து நம் நாட்டுக் கிணறுகளில் விட்டது இதற்காகத்தான் என்று நான் தொடங்கினேன். அவள் அதற்குள் கருவறைக்குப் போய்விட்டாள். அங்கே வாயை மூடி மெல்ல ரீங்கரித்தால் அறை முழுவதும் அந்த ஒலி சுழன்று வரும். காவலர் செய்து காட்டினார். என் மனைவி சட்டென்று காதுக்குப் பக்கத்தில் கையை வீசிக்கொண்டாள். பழக்கதோஷம்.

சாயங்காலம் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். கல்படுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "இவங்களை ராத்திரி கொசு கடிச்சா என்னப்பா பண்ணுவாங்க?"

22 துன்பங்களையும் ஐந்தாவதையும் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அந்தத் தலையணைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு டெங்கு வந்திருக்குமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி கைக்கடியாரத்தைப் பார்த்தாள். பையிலிருந்து தெளிப்பானை எடுத்து, "சட்டைக் கையை மடிக்காதே, இப்படி வா" என்று அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.