சிந்தனை வளர்ச்சி

மனிதர் சிந்திக்கும் முறை மழலைப் பருவம் முதல் முதுமை வரை மாறிவருவதைக் குறிக்கும் உளவியல் சொல். இத்துறையில் இன்றும் முதலில் பேசப்படுபவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896–1980). அவரது சோதனை எளியது. ஒரே மாதிரியான இரு தம்ளர்களில் சம அளவு தண்ணீர். குழந்தையின் கண்ணெதிரே ஒன்றிலிருப்பதை ஒடுக்கமான, உயரமான தம்ளரில் ஊற்றுவார்கள். "எதில் அதிகம்?" என்று கேட்டால், நான்கைந்து வயதுக் குழந்தை உயரமானதையே காட்டும். ஏழு வயதை ஒட்டி, "அதே தண்ணிதானே!" என்றுவிடும்.

பியாஜே குழந்தைகளைக் குறைத்து எடைபோட்டார் என்ற பிற்காலக் குறை நியாயமானதே. 1970-களில் உளவியலாளர்கள் மெக்காரிகல், டொனால்ட்சன் இருவரும், வரிசையாக வைத்த வில்லைகளைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை கலைத்துவிட்டதாகக் காட்டியபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன குழந்தைகள் வெகுவாகக் கூடினர். பெரியவரே கலைத்து, கேட்டதையே மறுபடி கேட்டால் குழந்தை குழம்பாதா?

பியாஜேயின் படிநிலைகள் வளரிளம் பருவத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குமேல் உளவியலாளர் ரேமண்ட் கேட்டலின் பாகுபாடு உதவும்: புதுப் புதிரை விடுவிக்கும் திறன் இளமையில் உச்சம் தொட்டுத் தளரும், சொல்வளமும் பட்டறிவும் நெடுநாள் நிலைக்கும். வார்னர் ஷாயி 1956-இல் தொடங்கிய சியாட்டில் ஆய்வில், பெரும்பாலோரிடம் அறுபது வயதுக்கு முன் குறிப்பிடத்தக்க சரிவு தென்படவில்லை.