யானைக்கறி தின்ற நகரம்

1870-ம் ஆண்டு செப்டம்பர் 19. பிரஷ்யப் படைகள் பாரீஸ் நகரைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துகொண்டன. உள்ளே சுமார் 20 லட்சம் பேர். வெளியிலிருந்து ஒரு மூட்டை மாவுகூட வர முடியாது. பட்டினி போட்டால் தானாகப் பணிந்துவிடுவார்கள் என்பது கணக்கு.

முதலில் ஆடு, மாடு தீர்ந்தது. அப்புறம் வண்டிக் குதிரைகள். அதுவும் போதாமல் நாய், பூனை, எலி! டிசம்பர் கடைசியில் மிருகக்காட்சிசாலையின் செல்ல யானைகளான காஸ்டர், பொல்லக்ஸ் இரண்டையும் சுட்டுக் கசாப்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். யானைக்கறியெல்லாம் பணக்காரர் வீட்டுச் சமாசாரம். ஏழைக்கு? ஜனவரியில் வந்த ரேஷன்படி நாளைக்கு 300 கிராம் ரொட்டி. அதையும் ரொட்டி என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். குழந்தைகளும் கிழவர்களும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

இந்த நரகத்துக்கு நடுவில் ஒரு டாக்டர் நோயாளிகளின் சிறுநீரைப் பார்த்து அசந்துபோனார். பெயர் அப்போலினேர் பூஷார்தா. பல வருடங்களாகச் சர்க்கரை நோயாளிகளைக் கவனித்துவந்தவர். அவர்களில் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரையையே காணோம்! புது மருந்து ஏதாவது கொடுத்தாரா? ஒன்றும் இல்லை. சாப்பாடு இல்லை, அவ்வளவுதான்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதே பாரீஸில் பியோரி என்ற பெரிய டாக்டர், 'சிறுநீரில் போகிற சர்க்கரையை ஈடுகட்ட வேண்டாமா? நன்றாக இனிப்பு சாப்பிடுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வரவு செலவுக் கணக்கு மாதிரி நியாயமாகத்தான் இருக்கிறது. ஆள்தான் பிழைக்க மாட்டார்! பூஷார்தா நேர் எதிராகச் சொன்னார்: குறைத்துச் சாப்பிடு, உடம்பு வணங்கி வேலை செய்.

ஆனால், பசியே மருந்து என்று கிளம்பினால் என்ன ஆகும்? அதையும் வரலாறு பார்த்துவிட்டது. 1914 வாக்கில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற டாக்டர், சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் கிட்டத்தட்டப் பட்டினி போட்டார். பருத்த பெரியவர்கள் தேறினார்கள். இன்சுலினே சுரக்காத குழந்தைகளோ எலும்புக்கூடு ஆனார்கள். எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1922 ஆகஸ்டில், 15 வயதில், அவள் எடை 20 கிலோ! பட்டினி சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, அவ்வளவே. காப்பாற்றியது, அப்போதுதான் வந்திருந்த இன்சுலின் ஊசி. அவள் 1981 வரை வாழ்ந்தாள்.

ஊசி வந்ததும் பூஷார்தா பார்த்த விஷயம் ஓரத்துக்குப் போய்விட்டது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக்கேல் லீன் இருவரும் அதைப் பெரிய அளவில் சோதித்து முடிவை வெளியிட்டது 2017-ல். நடுவில் ஏறக்குறைய 150 வருடம்!

பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று முதல் ஐந்து மாதம், தினம் சுமார் 850 கலோரி. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைய, கணையம் மறுபடி ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், 46 சதவிகிதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள்! எல்லாம் டாக்டர் மேற்பார்வையில் நடந்தது. மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டே நீங்களாகப் பட்டினி கிடந்தால், சர்க்கரை சரிந்து மயங்கி விழுவீர்கள், ஜாக்கிரதை.

இரண்டாம் வருட முடிவில் அந்த 46 சதவிகிதம் 36 ஆனது. இறங்கிய எடை திரும்ப ஏறியவர்களிடம்தான் நோயும் பெரும்பாலும் திரும்பி வந்திருந்தது.