பத்துத் தலை வழக்கு – 6: சேலத்துக்கு வந்த தீ

கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா? 1943 பிப்ரவரி 9 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் இந்தக் கேள்விக்காக மோதியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அதே கேள்வி சேலத்துக்கு வந்து சேர்ந்தது.

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் சாலையைப் பிடித்தால் சற்று நேரத்தில் அயோத்தியாப்பட்டணம். இலங்கையில் போரை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் பட்டம் சூட்டும் வேளை நெருங்கிவிடவே, இராமன் இங்கேயே முடிசூடிக்கொண்டான் என்பது தலபுராணம். கோதண்டராமர் கோயில் மண்டபத்துத் தூண்களில் நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் உளி இழைத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் விதானத்தில் ஓவியங்கள். வென்றவனின் கதை இந்த வட்டாரத்தில் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. தோற்றவனுக்காக வாதாட 33 வயது இளைஞர் ஒருவர் இங்கே வந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

மார்ச் 14. சேலம் கல்லூரி முதல்வர் இராமசாமிக் கவுண்டர் தலைமை. அண்ணாவுக்கு எதிரே அமர்ந்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார், பாரதிக்கும் வ.உ.சி.க்கும் நண்பர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இவரை அண்ணாவின் பகைவர் என்று எண்ணிவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தித் திணிப்பை எதிர்த்து இருவரும் ஒரே அணியில் நின்றிருந்தார்கள். ஒரே வீட்டுக்குள் எழுந்த சண்டை இது. அதனாலேயே அதன் சூடு அதிகம்.

அண்ணாவின் வாதத்தை இப்படிச் சுருக்கலாம்: கம்பன் திறமையற்ற கவி என்று நான் சொல்லவில்லை. அவன் திறமைதான் ஆபத்து. ஓர் இனத்தை அரக்கர் என்று இழிவுபடுத்தும் கதையை, அந்த இனமே உருகிக் கேட்கும்படி பாடிவிட்டான். அந்த இழிவை உதறாமல் தன்மானம் வராது. தீ என்பது அந்த வெறுப்பின் அடையாளம்.

பாரதியாரோ இலக்கியத்தை எரிக்கக் கூடாது என்ற பக்கம் உறுதியாக நின்றார்.

இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் சாய்கிறேன். அண்ணா சுட்டிய காயம் உண்மையானது. அவர் சொன்ன மருந்து எனக்கு ஒப்பவில்லை. இராவணன் சாதாரண வில்லன் இல்லை என்பதற்கு முதல் சாட்சியே கம்பன்தான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கூந்தலைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பனிலோ அவளைத் தொடவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துப் போகிறான். முதல் நாள் போரில் எல்லாம் இழந்து அவன் வெறுங்கையோடு நகர் திரும்பும் இடத்தைப் படித்துவிட்டு யாரால் கைகொட்டிச் சிரிக்க முடியும்? அதே கம்பன், பிறன் மனைவியைச் சிறை வைத்துக்கொண்டு மானம் பேசுகிறாயே என்று கும்பகருணனை விட்டு அவன் முகத்துக்கு நேரே கேட்கவும் வைக்கிறான். பெருமையும் பழியும் ஒரே ஆளிடம். எரித்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்தச் சிக்கல் இன்றைய பிள்ளைகளுக்கும் அந்நியமில்லை. ‘தி லெஜண்ட் ஆஃப் கொரா’ என்ற அனிமேஷன் தொடரில் அமோன் என்றொரு வில்லன் உண்டு. பிறவியிலேயே சக்தி பெற்றவர்கள் மற்றவர்களை மிதிப்பதை எதிர்த்துப் புரட்சி செய்கிறான். அவன் கேட்கும் கேள்வி நியாயம். கடைசியில் அவனே அந்தச் சக்தி பெற்றவன் என்பது வெளிப்படும்போது, ஆள் பொய்யானதால் கேள்வியும் பொய்யாகிவிடுமா என்று பார்ப்பவர் தடுமாறுகிறார்.

சேலத்துக்கே திரும்புவோம். 1944 ஆகஸ்ட் 27 அன்று இதே ஊரில் பெரியார் தலைமையில் கூடிய நீதிக்கட்சி மாநாடு, கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றியது. இரண்டே ஆண்டில், கொளுத்துவதைவிட வலிமையான ஒரு காரியத்தைப் பக்கத்து ஈரோட்டு வட்டாரத்துத் தமிழாசிரியர் ஒருவர் செய்து முடித்தார். ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை, இராவணனைத் தலைவனாக்கி ஐந்து காண்டங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ‘இராவண காவியம்’ பாடினார். 1946இல் நூல் வந்தது. இதில் இராவணன் தமிழ் மன்னன். சூர்ப்பணகைக்குப் பெயரே காமவல்லி. சீதையைக் கவர்வதும் காமத்தால் இல்லை, தங்கைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பதிலடி. தமிழ் நயத்தில் குறை சொல்ல முடியாத நூல். ஆனால் குறையே இல்லாத இந்த இராவணனைவிட, குறையோடு நிற்கும் கம்பனின் இராவணனே என்னைத் தூங்கவிடுவதில்லை.

அண்ணாவும் தீயை விட்டு நாடகத்துக்கு வந்தார். ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் இராவணன் வழக்காளியாக வருகிறான். இரக்கமற்றவன் என்று என்னை அரக்கனாக்கினீர்களே, இரக்கம் காட்டாத இவர்களை மட்டும் ஏன் வணங்குகிறீர்கள் என்று புராணப் பெரியோர்களை ஒவ்வொருவராகச் சுட்டுகிறான். தீர்ப்பு சொல்ல முடியாமல் நீதிதேவன் மயங்கி விழுகிறான். அன்றைக்கு மேடையில் இராவணனுக்குத் தண்டனை இல்லை, விடுதலையும் இல்லை. இந்த வழக்கில் இதைவிட நேர்மையான முடிவு எனக்குத் தெரியவில்லை.

அரசு மயங்கவில்லை. 1948 ஜூன் மாதம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது ‘இராவண காவியம்’ தடை செய்யப்பட்டது. அது நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூலைக் கொளுத்தலாமா என்று கேட்ட இயக்கத்தின் நூலுக்கே பூட்டு.

ஆனால் ஏட்டில் அடைபட்டவன் ஒப்பனை பூசிக்கொண்டு வேறு வாசல் வழியாக வந்தான். நாமக்கல்லில் பிறந்த ஒரு நடிகர், சினிமாவில் வில்லன் வேடத்துக்கென்றே பெயர் எடுத்தவர், இராவணன் வேடத்தில் மேடையேறினார். சீதை இராவணனின் சொந்த மகள் என்று அவர் நாடகம் சொன்னது. இராமபக்தர்கள் நிறைந்த அரங்கில் திரை விலகியது...

(அடுத்த வாரம்: இலங்கேஸ்வரன்)