மாதேஸ்வரன் மலையடியில் காவிரி மீன்வளம்

மேட்டூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் அடியார்கள், பாலாறு காவிரியோடு கலக்கும் இடத்தைக் கடந்தே மலையேறுகின்றனர். எழுபத்தேழு மலைகளுக்கு அதிபதி என்றும், புலியை ஊர்தியாகக் கொண்டவர் என்றும் மக்கள் போற்றும் மாதேஸ்வரரைக் காண, தமிழரும் கன்னடரும் தலைமுறை தலைமுறையாக ஒரே பாதையில் நடந்துள்ளனர். மலையைத் தன்னகத்தே கொண்டிருந்த கொள்ளேகால் வட்டம், 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997 முதல் இப்பகுதி சாமராசநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. நிலத்தின் எல்லை இவ்வாறு மாறியதாயினும், மலையடியில் ஓடும் ஆறு ஒன்றே. அதில் வாழும் மீன்குலமும் ஒன்றே. பலருக்கும் பொதுவான அச்செல்வம் காக்கப்பட்டதும், காவாது விடப்பட்டதுமான வரலாற்றை இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

காவிரி மீன்களுள் தலையாயது மகசீர் எனப்படும் பெருங்கெண்டை. அதிலும் முதுகு திமில்போல் உயர்ந்த ஒருவகை, காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கென் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மகசீர் 120 இராத்தல் எடையிருந்தது. ஏறக்குறைய 54 கிலோகிராம் எடையுள்ள அம்மீன், மகசீர் மீன்களுள் உலகச் சாதனையாகப் பதிவாயிற்று.

இத்தகைய வளம் குன்றிவிடும் என்னும் கவலை அதற்கு நெடுநாள் முன்னரே எழுந்துவிட்டது. பிரான்சிஸ் டே என்னும் அறிஞர் 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கையில், நெருங்கிய கண்ணுள்ள வலைகளாலும் அடைப்புகளாலும் மீன்குஞ்சுகள் கணக்கின்றி அழிக்கப்படுவதை எடுத்துரைத்தார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீன் கொல்வதைக் குற்றமாக்கிற்று. எனினும் காடும் பாறையும் சூழ்ந்த இக்காவிரிப் பள்ளத்தாக்கில், சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு ஆற்றங்கரையில் இருந்ததெனக் கூற இயலாது.

அடுத்த பெரிய மாறுதல் மேட்டூர் அணையால் வந்தது. 1925இல் தொடங்கிய பணி 1934இல் நிறைவெய்தியது. 120 அடி உயரத்துக்கு நீர் நிறையும்போது தேக்கம் மலைகளினூடே வெகுதூரம் பரவி நிற்கின்றது. வயல்களுக்கு வாழ்வளித்த அவ்வணை, மீன்களின் வழியை மறித்தது. கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனின் வரத்து, அணைக்குப் பின் குன்றி, காவிரியில் அதன் மீன்பிடி நலிந்து போயிற்று. மறுபுறம், நீர்த்தேக்கத்திலே புதியதொரு மீன்பிடி தோன்றியது. வடபுலத்து ஆறுகளுக்குரிய கட்லா முதலிய கெண்டைகளின் குஞ்சுகள் விடப்பட்டன. பரிசலேறி ரங்கூன் வலை வீசுவோர்க்குப் பிழைப்பும் கிடைத்தது. ஆகவே அணை கெடுதலே செய்தது என்றோ, நன்மையே செய்தது என்றோ ஒருசொல்லில் தீர்ப்புரைத்தல் தகாது.

நல்லெண்ணத்தோடு செய்த செயலும் தீங்காய் முடியக்கூடும் என்பதற்கு, மேற்கே சிவசமுத்திரத்துக்கும் மேகதாட்டுக்கும் இடைப்பட்ட ஆற்றுப்பகுதி சான்றாகும். மகசீர் குறைந்துவிட்டதென்று கருதி, நீலத் துடுப்புடைய வேறொரு மகசீர் இனத்தின் குஞ்சுகளைப் பிற்காலத்தில் காவிரியில் விட்டனர். அங்கே தூண்டில் முகாம்களும் நடைபெற்றன. பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றிலேயே விடுவது அவற்றின் விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன்பிடித்தோர் சிலர் அம்முகாம்களில் ஊதியம் பெற்று ஆற்றுக்குக் காவலராயினர். 1998 முதல் 2012 வரையில் முகாமொன்றில் எழுதிவைத்த குறிப்பேடுகளை ஆராய்ந்த அறிஞர்கள், வந்தேறிய நீலத்துடுப்பு மீன் பெருகியதையும், காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகியதையும் கண்டனர். 2018ஆம் ஆண்டில் அத்திமில் மகசீர், அற்றுப்போகும் பேரிடரில் உள்ள உயிரினமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் பொருட்டு முகாம்கள் இதற்குள் நிறுத்தப்பட்டிருந்தன. தூண்டில் போனபோது, அதனால் வாழ்ந்த காவலும் உடன் போய்விட்டதே என்னும் வருத்தம் ஆராய்ந்தோர்க்கு உண்டாயிற்று.

இவ்விடத்தில், பசிபிக் பெருங்கடலிலுள்ள பலாவு என்னும் சிறு தீவு நாட்டை நோக்குவது பயன்தரும். மீன்கள் கூடி முட்டையிடும் பருவத்தில், ஊர்த்தலைவர் அவையினர் பவளத்திட்டின் ஒரு பகுதியை மூடி, அங்கே எவரும் மீன் பிடிக்கலாகாதென ஆணையிடுவது அந்நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம். இதற்குப் ‘புல்’ என்று பெயர். எந்த மீன் எந்தப் பிறையில் எங்கே முட்டையிடும் என்பதை அத்தீவின் மீனவர் துல்லியமாக அறிந்திருந்தனர். அவ்வறிவிலிருந்தே அவ்வழக்கம் பிறந்தது. பழைய வழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு, 2015ஆம் ஆண்டில் அந்நாடு சட்டம் இயற்றி, 2020 முதல் தன் கடற்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கில் மீன்பிடித்தலை விலக்கிற்று. மேலும், பலாவு உள்ளிட்ட எட்டு நாடுகள் 1982இல் தொடங்கிய நவுரு உடன்படிக்கையின்கீழ் ஒன்றுகூடி, அந்நியக் கப்பல்கள் தங்கள் கடல்களில் எத்தனை நாட்கள் சூரை மீன் பிடிக்கலாம் என வரையறுத்து, அந்நாட்களை விலைக்குத் தருகின்றன. தனித்து நின்றால் எளியராயிருக்கும் அவர்கள், ஒன்றுபட்டதனால் வலியராயினர். ஏனெனில் சூரை மீனும் எல்லை அறியாதது.

காவிரிக் கரையிலும் இவ்வறிவு இல்லாமற் போகவில்லை. ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரத்தில், கோயிற் படித்துறையருகே வாழும் மீன்களை மக்கள் பிடிப்பதில்லை, பொரியிட்டுப் போற்றுகின்றனர். சட்டமும் இப்போது இரு கரைகளிலும் கால்கொண்டுள்ளது. கருநாடகத்தில் காவேரி வனவிலங்குச் சரணாலயம் 1987ஆம் ஆண்டிலும், மலை மாதேஸ்வரச் சரணாலயம் 2013ஆம் ஆண்டிலும், தமிழகத்தில் காவிரி தெற்குச் சரணாலயம் 2022ஆம் ஆண்டிலும் அமைந்தன. எனினும் கரையைக் காப்பது வேறு. நீருக்குள் வாழ்வதைக் காப்பது வேறு. வெள்ளக்காலத்தில் முட்டையிட மேலேறும் மீனுக்கு இரு மாநிலமும் ஒரே பருவத்தில் ஓய்வளித்தல் வேண்டும். வேற்றினக் குஞ்சுகளை விடுமுன் ஆராய்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசலோட்டியும் வலைஞனும் அவ்வேற்பாட்டில் பங்குடையவராதல் வேண்டும். பிழைப்பைப் பறித்துவிட்டு விதியை மட்டும் தந்தால் அவ்விதி நிலைக்காது என்பதே பலாவும் காவிரியும் ஒருங்கே உணர்த்தும் பாடம்.

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு, எல்லைக்கு இருபுறமும் சுற்றமும் நட்பும் உண்டு. காவிரியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு பதற்றமும் உண்டு. நீரைப் பங்கிடுவதைப் பற்றி இரு மாநிலங்களும் நெடுங்காலம் வழக்காடின. மீனைக் காப்பதிலோ பங்கீடு இல்லை. ஒருவர் காத்தால் இருவர்க்கும் ஆக்கம், ஒருவர் அழித்தால் இருவர்க்கும் இழப்பு. அடுத்தமுறை பாலாற்றைக் கடந்து மலையேறும்போது, நாம் சற்றே நின்று அந்நீரை நோக்குவோமாக.